சிப்பாய் வரிசையும் அதிகாரி வாசலும்

(நினைவுச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



ஐயாவின் நினைவு நாளில் பேசும் வாய்ப்பைத் தந்த மன்றத்துக்கு நன்றி. இதே மேடையில் தலித் தன்வரலாறு பற்றியும் பஞ்சமி நிலம் பற்றியும் பௌத்தம் பற்றியும் பெரியவர்கள் பேசியிருக்கிறார்கள். நான் இராணுவக் கல்லூரிகளைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னதும், இலக்கிய மேடைக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று மன்றத் தோழர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லிவிட்டே தொடங்குகிறேன்.

சிப்பாய்ச் சம்பளத்தில் படித்தவர்கள்

அண்ணல் அம்பேத்கர் 1891-இல் மோவ் இராணுவக் குடியிருப்பில் பிறந்தார். அவருடைய தந்தை ராம்ஜி சக்பால் படையில் சுபேதார். இராணுவப் பள்ளியில் தலைமையாசிரியராகவும் இருந்தவர். ஊருக்குள் இருந்த பள்ளிக்கூடம் மகர் பிள்ளைகளை வாசலுக்கு வெளியே நிறுத்திவைத்த காலத்தில், படைக்குள் இருந்த பள்ளிக்கூடம் சிப்பாய்களின் பிள்ளைகளுக்கு, பெண்பிள்ளைகளுக்கும் சேர்த்து, எழுத்தறிவு கொடுத்தது. தாம் பிறந்த வீட்டில் எல்லோரும் படித்தவர்களாக இருந்ததற்கு அதுவே காரணம் என்பதை அண்ணல் அறிந்திருந்தார்.

தமிழுக்கு வருவோம். 'கருக்கு' எழுதிய பாமாவும் ஆய்வாளர் ராஜ் கௌதமனும் உடன்பிறந்தவர்கள். அவர்களுடைய தந்தை இராணுவத்தில் பணியாற்றியவர். இந்த அரங்கில் இருக்கிறவர்களில் எத்தனை பேருடைய அப்பாவோ தாத்தாவோ பட்டாளத்துக்காரர் என்று கை தூக்கச் சொன்னால், பாதிக் கைகளாவது உயரும். நம் எழுத்தின் ஒரு பகுதி மாதா மாதம் வந்த மணியார்டரில் வளர்ந்தது. ஆகவே பட்டாளம் நம் இலக்கியத்துக்கு வெளியே இருக்கும் விஷயம் அல்ல.

நான் கேட்க வருவது வேறு. பட்டாளம் நமக்குச் சோறு போட்டது, படிப்புக் கொடுத்தது, ஓய்வூதியம் கொடுத்தது. கட்டளையிடும் இடத்தைக் கொடுத்ததா? கொடுக்கவில்லை என்றால், அந்த இடத்துக்குப் போகிற வழியில் எங்கெங்கே நாம் நிறுத்தப்படுகிறோம்?

சுபேதாரின் எல்லை

சென்னை மாகாணப் படையில் பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்தே பறையர்கள் பெருமளவில் இருந்தார்கள். பீரங்கி இழுத்தார்கள், பாதை போட்டார்கள், சண்டை போட்டார்கள், மடிந்தார்கள். ஆனால் இந்தியச் சிப்பாய் எவ்வளவு காலம் உழைத்தாலும் ஏறக்கூடிய கடைசிப் படி சுபேதார் மேஜர்தான். முப்பது வருடம் பணிசெய்த சுபேதார் மேஜரும், நேற்றுக் கப்பலில் வந்திறங்கிய பத்தொன்பது வயது ஆங்கில லெப்டினன்டுக்குக் கீழேதான். இந்த எல்லை எல்லாச் சாதி இந்தியருக்கும் பொதுவாக இருந்தது என்பது உண்மை.

அதிகாரி என்பவர் திறமையால் மட்டும் உருவாகிறவர் என்பதும் அப்போது கிடையாது. இங்கிலாந்திலேயே 1871 வரை காலாட்படையிலும் குதிரைப்படையிலும் அதிகாரிப் பதவியைப் பணம் கொடுத்து வாங்கினார்கள். பிரபுவின் மகன் விலை கொடுத்து கேப்டன் ஆனான். அந்த முறையை ஒழித்த பிறகும், சாண்ட்ஹர்ஸ்ட் இராணுவக் கல்லூரிக்குள் நுழைய நல்ல பள்ளியும் நல்ல குடும்பமும் தேவைப்பட்டன. இந்தியர்களுக்கு அந்தக் கல்லூரியில் இடம் கிடைத்தது முதல் உலகப்போரின் இறுதியில், 1918-இல்தான். அதுவும் ஆண்டுக்குப் பத்து இடம். அந்தப் பத்தும் அரச குடும்பங்களுக்கும் நிலக்கிழார்களுக்கும் அரசுக்கு வேண்டிய குடும்பங்களுக்கும் போயின. அப்படிப்பட்ட பையன்களைச் சிறு வயதிலேயே தயார்செய்யத்தான் 1922-இல் டேராடூனில் வேல்ஸ் இளவரசர் பெயரில் ஓர் இராணுவப் பள்ளி திறந்தார்கள்.

மேல் வாசல் இப்படி ஒரு விரற்கடை திறந்த காலத்தில் கீழ் வாசலே நமக்கு மூடிக்கிடந்தது. 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தளபதியாகவும், பிறகு இந்தியா முழுமைக்குமான தளபதியாகவும் இருந்த ராபர்ட்ஸ், போர்க்குணம் உள்ள சாதிகள், இல்லாத சாதிகள் என்று மக்களைப் பிரித்தவர். அந்தக் கணக்கில் தெற்கு வேண்டாததாயிற்று. தீண்டத்தகாதவர்கள் எங்கேயும் வேண்டாதவர்கள் ஆனார்கள். 1890களின் தொடக்கத்தில் மகர்களைச் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. கோரேகானில் 1818-இல் நின்றவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு நூறு வருடம்கூட முடியாமல் கிடைத்த பதில் அது. 1910-இல் சிவ்ராம் ஜன்பா காம்ப்ளே, எங்களைப் படையிலும் காவல்துறையிலும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று லண்டனில் இருந்த இந்திய மந்திரிக்கு மனு எழுத வேண்டியிருந்தது. தமிழ்ப் பக்கத்தில் மதராஸ் காலாட்படைப் பிரிவுகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டபோது, பறையர்களுக்கு மிஞ்சியது சுரங்கம் வைப்பதும் பாலம் கட்டுவதும் பாதை போடுவதுமான சாப்பர்ஸ் படையும் பயனியர் படையும்தான். மண்வெட்டி உள்ள படையில் மட்டும் நம் சாதிக்கு இடம் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

என் அப்பா சுதந்திரத்துக்குப் பிறகு அந்தச் சாப்பர்ஸ் படையில் இருந்தவர். பெய்லி பாலத்தின் ஒரு பலகம் ஏறக்குறைய 260 கிலோ எடை. ஆறு பேர் சேர்ந்து தூக்க வேண்டும். எந்த மண்ணில் எப்படிக் கால் ஊன்ற வேண்டும், எந்த நேரத்தில் யார் கை எடுக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். புதிதாக வந்த இளம் அதிகாரி இரவில் அவரைத் தனியாகக் கூப்பிட்டு வேலையைக் கேட்டுத் தெரிந்துகொள்வாராம். விடிந்ததும் அதையே கட்டளையாக அவருக்குச் சொல்வாராம். அப்பா இதைக் குறையாகச் சொன்னதே இல்லை, சிரித்துக்கொண்டே சொல்வார். அந்த அதிகாரி நல்லவர் என்றும் சொல்வார். ஹவில்தாராக ஓய்வுபெற்று, கடைசி வரை ஒரு தொழிற்சாலை வாசலில் காவலுக்கு நின்றார். வேலை தெரிவதற்கும் கட்டளையிடுவதற்கும் நடுவே ஒரு கல்லூரி இருக்கிறது. அந்தக் கல்லூரி எங்கே இருக்கிறது, அதற்குள் எப்படிப் போவது என்று எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது.

லண்டனில் நடந்தவை

இந்தக் கேள்வியை நம் முன்னோர்கள் எழுப்பாமல் இல்லை. ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்ட நேரத்தில், இரட்டைமலை சீனிவாசன் அதை எதிர்த்து பறையர் மகாஜன சபை சார்பில் 3,412 பேர் கையெழுத்திட்ட மனுவை பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார். அந்த மனுவை இன்றைக்கும் தேசத்துக்கு எதிரானது என்று சிலர் எழுதுகிறார்கள். அவர் கேட்டது எளிமையான கேள்வி: தேர்வு இங்கே நடந்தால் யார் தேறுவார்கள்? தேறியவர்கள் யாருக்கு மேல் உட்காருவார்கள்? கிராமத்தில் நம்மை அடக்கியாளும் அதே கை நாளைக்குக் கலெக்டரின் கையாகவும் ஆகிவிடாதா?

1930-இல் முதல் வட்டமேசை மாநாட்டுக்கு ஒடுக்கப்பட்டோரின் பிரதிநிதிகளாக அண்ணலும் சீனிவாசனும் போனார்கள். தனித்தொகுதி பற்றிய வாதம் நமக்குத் தெரியும். அதே மாநாட்டில் பாதுகாப்புக்கென ஒரு துணைக்குழு அமைந்ததையும், இந்தியாவில் ஓர் இராணுவக் கல்லூரி தொடங்க வேண்டும் என்று அந்தக் குழு முடிவெடுத்ததையும் நாம் அதிகம் பேசுவதில்லை. அந்தக் குழுவில் அண்ணல், தகுதி உடைய எல்லோருக்கும் படைச் சேர்க்கை திறந்திருக்க வேண்டும், எந்த வகுப்பாரையும் விலக்கக் கூடாது என்று வலியுறுத்தினார். அவருக்கு இது ஏட்டு அறிவு அல்ல. 1913-இல் பரோடா சமஸ்தானப் படையில் லெப்டினன்டாகச் சேர்ந்தவர் அவர். சேர்ந்த சில நாள்களிலேயே சுபேதார் ராம்ஜி காலமானார்.

1932-இல் டேராடூனில் இந்திய இராணுவக் கல்லூரி, இன்றைய ஐ.எம்.ஏ., தொடங்கியது. முதல் அணியில் நாற்பது இடங்கள். பதினைந்து பேர் போட்டித் தேர்வு வழியாக, பதினைந்து பேர் படையில் ஏற்கெனவே இருந்த சிப்பாய்களிலிருந்து, பத்துப் பேர் சமஸ்தானப் படைகளிலிருந்து. இந்த மூன்று வழிகளையும் நம் பக்கம் நின்று பாருங்கள். போட்டித் தேர்வுக்கு ஆங்கிலப் படிப்பு வேண்டும், தேறினாலும் குடும்பம் கட்டணம் கட்ட வேண்டும். சிப்பாய்களிலிருந்து வர வேண்டுமென்றால் முதலில் நம்மைச் சிப்பாயாகச் சேர்த்திருக்க வேண்டும், சேர்க்கையோ பெரும்பாலும் நின்றுபோயிருந்தது. சமஸ்தானப் பட்டியலில் நாம் எப்படி வருவோம்? நாற்பது இடம் நாட்டுக்குத் திறந்தபோது, எவரும் நம்மைத் தடுப்பதாக எழுதிவைக்கவில்லை. எழுதிவைக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

1941-இல் அண்ணலின் இடைவிடாத முயற்சியும் இரண்டாம் உலகப்போரின் ஆள் தேவையும் சேர்ந்து மகர் ரெஜிமென்ட் உருவானது. 1943-இல் சமார் ரெஜிமென்ட் உருவாகி 1946-இல் கலைக்கப்பட்டது. மகர் ரெஜிமென்டிலிருந்து பிற்காலத்தில் இரண்டு பேர் இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதியானார்கள்: கே.வி. கிருஷ்ணராவ், கே. சுந்தர்ஜி. இருவரும் திறமைசாலிகள், சந்தேகமில்லை. இருவரும் மகர்கள் அல்லர். படைப்பிரிவுக்குப் பெயர் நம்முடையது, துப்பாக்கி பிடித்த கை நம்முடையது, கட்டளை வேறிடத்திலிருந்து வந்தது. 1971 போரின்போது பாதுகாப்பு அமைச்சராக இருந்தவர் பாபு ஜெகஜீவன்ராம். அமைச்சர் நாற்காலி வரை ஒரு தலித் போக முடிந்தது, ஏனென்றால் அதற்கு வழி வாக்குப்பெட்டி. படைத்தலைமைக்கு வழி கல்லூரி. அதற்குப் பதினாறு வயதிலேயே புறப்பட்டாக வேண்டும்.

இன்றைய வாசல்கள்

பின்வரிசையில் இருக்கும் மாணவர்கள் இந்தப் பகுதியைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

முதல் வாசல் பத்து வயதில் திறக்கிறது. 1961-இல் பாதுகாப்பு அமைச்சர் வி.கே. கிருஷ்ணமேனன் காலத்தில் சைனிக் பள்ளிகள் தொடங்கின. பணக்காரர் வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே அதிகாரியாவதை மாற்றுவதுதான் நோக்கம். முதல் பள்ளி சதாராவில். சிறுவன் பீமா சாக்குத்துணியை விரித்து வகுப்பில் ஒதுங்கி உட்கார்ந்த அதே சதாரா. நம் மாநிலத்தில் உடுமலைக்கு அருகே அமராவதிநகரில் 1962 முதல் ஒரு பள்ளி நடக்கிறது. ஆறாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் நுழைவுத்தேர்வு. பட்டியல் சாதிக்கு 15 விழுக்காடு, பழங்குடிக்கு 7.5 விழுக்காடு இட ஒதுக்கீடு உண்டு. ஆறாம் வகுப்புத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். இப்போது பெண்பிள்ளைகளும் சேரலாம். டேராடூன் பள்ளிக்கான நுழைவுத்தேர்வைத் தமிழ்நாட்டில் டி.என்.பி.எஸ்.சி.தான் நடத்துகிறது. குரூப் 4 அறிவிப்பு வந்தால் தெருவே பேசுகிறது. அதே ஆணையம் இந்தத் தேர்வையும் நடத்துகிறது என்பதை எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

இரண்டாவது வாசல் தேசியப் பாதுகாப்புக் கல்லூரி, அதாவது புனேவுக்கு அருகே கடக்வாஸ்லாவில் இருக்கும் என்.டி.ஏ. பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும்போதே எழுதலாம். வயது பதினாறரையிலிருந்து பத்தொன்பதரைக்குள். யு.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இருமுறை தேர்வு நடத்துகிறது. கணிதத்துக்கு 300, பொது அறிவுக்கு 600, நேர்காணலுக்கு 900 மதிப்பெண். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு விண்ணப்பக் கட்டணம் இல்லை. அத்தோடு சலுகை முடிந்தது. வயதில் தளர்வு இல்லை, இடத்தில் ஒதுக்கீடு இல்லை. வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும். தேர்வானால் மூன்று வருடம் கடக்வாஸ்லாவில் பட்டப்படிப்பு, தரைப்படை என்றால் பிறகு ஒரு வருடம் டேராடூனில். பயிற்சிச் செலவு அரசினுடையது. லெப்டினன்டாக வெளியே வரும்போது அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய்.

2021 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்ட பிறகுதான் பெண்கள் இந்தத் தேர்வை எழுத முடிந்தது. 2022-இல் உள்ளே போன முதல் பெண்கள் அணி 2025 மே மாதம் படித்து முடித்து வெளியே வந்தது, பதினேழு பேர். எழுபது வருடமாக மூடியிருந்த வாசலைத் திறந்தது ஒரு வழக்கு என்பதை நினைவில் வையுங்கள்.

மூன்றாவது வாசல் நம் பக்கத்திலேயே இருக்கிறது. சென்னைப் பரங்கிமலையில் 1963 முதல் நடக்கும் அதிகாரிகள் பயிற்சிக் கல்லூரி, ஓ.டி.ஏ. பட்டம் முடித்தவர்கள் சி.டி.எஸ். தேர்வு எழுதி இங்கே வரலாம். 1992 முதல் பெண்களுக்கும் இங்கே பயிற்சி உண்டு. கல்லூரியில் என்.சி.சி. இருந்து 'சி' சான்றிதழ் வாங்கியிருந்தால் எழுத்துத் தேர்வே இல்லாமல் நேர்காணலுக்குப் போக ஒரு வழி இருக்கிறது. நான்காவது வாசல், ஏற்கெனவே சிப்பாயாக இருப்பவர்களுக்கானது. இருபதிலிருந்து இருபத்தேழு வயதுக்குள், இரண்டு வருடப் பணி முடித்தவர்கள் தேர்வு எழுதி, டேராடூனில் உள்ள ஏ.சி.சி. வழியாக அதிகாரியாகலாம். என் அப்பா காலத்திலும் இப்படி ஒரு வழி இருந்தது. அவருக்கு யாரும் சொல்லவில்லை.

ஐந்து நாள்

எழுத்துத் தேர்வைத் தாண்டியவர்களையும் திருப்பி அனுப்பும் இடம் எஸ்.எஸ்.பி. எனப்படும் தேர்வு வாரியம். ஐந்து நாள் அங்கேயே தங்க வேண்டும். சாப்பாடும் இடமும் தருவார்கள். முதல்முறை போகிறவர்களுக்கு ரயில் கட்டணமும் கிடைக்கும். முதல் நாளே மங்கலான ஒரு படத்தை முப்பது நொடி காட்டி, கதை எழுதச் சொல்வார்கள். பிறகு குழுவாக உட்கார்ந்து அதை விவாதிக்க வேண்டும். பாதிக்கு மேல் அன்றைக்கே ஊர் திரும்பிவிடுவார்கள். மிஞ்சியவர்களுக்கு மனவியல் தேர்வு: பன்னிரண்டு கதை, அதில் கடைசிப் படம் வெற்றுத் தாள், பதினைந்து நொடிக்கு ஒன்றாக அறுபது சொல், அரை மணி நேரத்தில் அறுபது சூழ்நிலை. அப்புறம் மைதானத்தில் கட்டையும் கயிறும் பீப்பாயும் கொடுத்துக் குழுவாகத் தடைகளைத் தாண்டச் சொல்வார்கள். தனி நேர்காணல் உண்டு. மொத்தம் பதினைந்து குணங்களை அளக்கிறார்கள். பொறுப்புணர்வு, துணிவு, முன்கை எடுப்பது, ஒத்துழைப்பு, சட்டென முடிவெடுப்பது, பேசி விளக்கும் ஆற்றல், குழுவைத் தன் பக்கம் கொண்டுவருவது என்று பட்டியல் போகிறது.

இந்தக் குணங்களில் எது சேரியில் இல்லை? மழையில் குடிசை ஒழுகும்போது நான்கு வீட்டைச் சேர்த்துத் தார்ப்பாய் கட்டுகிறவன் முன்கை எடுக்கவில்லையா? அம்மா வேலைக்குப் போன வீட்டில் இரண்டு தம்பிகளை வளர்க்கும் பத்து வயதுப் பெண்ணுக்குப் பொறுப்பு தெரியாதா? குணத்தில் குறைவில்லை. அதைக் குணம் என்று சொல்லும் மொழி நம்மிடம் இல்லை. வாரியத்தில் பேச்சு ஆங்கிலத்தில், இல்லையென்றால் இந்தியில். நேர்காணலுக்கு முன்னால் நிரப்பும் படிவத்தில் அப்பாவின் தொழில் என்ன, வருமானம் என்ன, பெற்றோர் எவ்வளவு படித்தவர்கள், என்ன விளையாட்டு, என்ன பொழுதுபோக்கு, என்னென்ன பொறுப்பு வகித்தாய் என்று கேட்கிறார்கள். கான்வென்டில் படித்து, நீச்சல் கற்று, பள்ளியில் மாணவர் தலைவனாக இருந்த கர்னல் மகனுக்கு அந்தப் படிவம் போதவே போதாது. நம் பிள்ளைக்குப் பாதி வெற்றிடம்.

ஓய்வுபெற்ற நான்கைந்து பேர் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். அப்பா தோல் ஷாப்பில் வேலை செய்யும் ஒரு பெண் வருகிறாள். பட்டம் முடித்து, என்.சி.சி.யில் 'சி' சான்றிதழும் வாங்கியவள். 2024-இல் வயநாடு சூரல்மலையில் நிலச்சரிவுக்குப் பிறகு சாப்பர்ஸ் படை 190 அடி பெய்லி பாலம் கட்டியபோது, அதை முன்னின்று நடத்திய மேஜர் சீதா ஷெல்கே பாலத்தின் மேல் நிற்கும் படத்தைக் கைப்பேசியில் வைத்திருக்கிறாள். பரங்கிமலையில் பயிற்சி பெற்றவர் அவர். இந்தப் பெண் படிவத்தை நிரப்பிக்கொண்டு வந்தாள். வகித்த பொறுப்புகள் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தாள். பேச்சோடு பேச்சாக, இரண்டு வருடத்துக்கு முன்னால் ஊரில் குடிநீர் வராமல் போனதைச் சொன்னாள். மேல்நிலைத் தொட்டியிலிருந்து காலனிக்கு வரும் வால்வை யாரோ மூடிவைத்திருந்தார்களாம். இவள் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கி, பதினெட்டுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு, பஸ்ஸுக்குக் காசு வசூலித்து, கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளில் மனு கொடுத்திருக்கிறாள். அடுத்த வாரமும் போயிருக்கிறாள். மூன்றாம் வாரம் தண்ணீர் வந்தது.

இதை ஏம்மா எழுதவில்லை என்று கேட்டேன். "அது எங்க தண்ணிப் பிரச்சினை சார். பொறுப்புன்னா ஸ்கூல்ல குடுக்கிறதுதானே?" என்றாள்.

தோழர்களே, நான் இன்றைக்குச் சொல்ல வந்தது இதுதான். நாம் தலைமை தாங்கியிருக்கிறோம்; அதற்குத் தலைமை என்ற பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. மற்றவர்கள் நம்மைச் சுமக்கிற உடம்பாகப் பார்த்தது பழைய கதை. நம் பிள்ளைகளும் தங்களை அப்படியே பார்ப்பதுதான் இன்றைய ஆபத்து. எந்தப் பயிற்சி நிலையமும் முதலில் செய்ய வேண்டியது, அந்தப் பிள்ளையின் வாழ்க்கையை அந்தப் பிள்ளைக்கே படித்துக்காட்டுவது. இது இலக்கியம் செய்கிற வேலை. அதனால்தான் இதை இலக்கிய மேடையில் பேசுகிறேன்.

அந்தப் பெண் முதல்முறை முதல் நாளிலேயே திரும்பினாள். இரண்டாம்முறை ஐந்து நாளும் இருந்துவிட்டுத் திரும்பினாள். மூன்றாம்முறைக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறாள்.

ஏன் போக வேண்டும்?

இந்த இடத்தில் சில தோழர்களின் மறுப்பு எனக்குத் தெரியும். இராணுவம் அரசின் கை. அந்தக் கையில் நாம் ஏன் விரலாக வேண்டும் என்கிறார்கள். சாதிப் பெயரில் படைப்பிரிவு வைத்திருக்கும் அமைப்பு இது. ஜனாதிபதியின் மெய்க்காவல் படைக்கு மூன்று சாதிகளிலிருந்து மட்டுமே ஆள் எடுப்பதாக இராணுவமே 2013-இல் உச்ச நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. அங்கே போய் என்ன மாற்றிவிட முடியும்?

இந்த மறுப்பை நான் மதிக்கிறேன். ஆனால் நாம் போகாமல் இல்லையே. ஆண்டுதோறும் நம் பிள்ளைகள் விடியற்காலையில் நெடுஞ்சாலை ஓரம் ஓடிப் பழகுகிறார்கள். ஆள்சேர்ப்பு முகாமில் நிற்கிறார்கள். போகலாமா வேண்டாமா என்பதை வறுமை ஏற்கெனவே முடிவுசெய்துவிட்டது. எந்த வரிசையில் நிற்பது என்பது மட்டும்தான் நாம் முடிவுசெய்ய மிச்சமிருக்கிறது.

2022-இல் அக்னிபத் வந்தது. சிப்பாயாகச் சேர்பவருக்கு இனி நான்கு வருடம்தான். நான்கில் ஒருவரை வைத்துக்கொண்டு மூன்று பேரை அனுப்பிவிடுவார்கள். அவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை. முதல் வருடம் 30,000 ரூபாயில் பிடித்தம் போகக் கைக்கு 21,000. இந்த மாற்றம் அதிகாரிகளுக்குக் கிடையாது. ராம்ஜி சக்பாலுக்கும் என் அப்பாவுக்கும் பட்டாளம் தந்த மூன்றில் ஓய்வூதியம் போய்விட்டது; பிள்ளைகளைப் படிக்கவைக்கும் நீண்டகாலச் சம்பளம் போய்விட்டது. கீழ்வரிசை இப்படி இருக்க, மேல்வாசலைப் பற்றிப் பேசாமல் இருப்பது நம் பிள்ளைகளுக்குச் செய்யும் நன்மை ஆகாது.

கட்டளையிடும் இடத்தில் நம்மவர் ஒருவர் இருந்தால் எல்லாம் மாறிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. கலெக்டர்கள் வந்தார்கள், நீதிபதிகள் வந்தார்கள், சேரி சேரியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அந்த நாற்காலிகளில் நம்மவர் உட்கார்ந்த பிறகு, அது நமக்கு ஆகாத வேலை என்று சொல்லும் துணிவு எவருக்கும் வரவில்லை. வீரம் பிறப்பால் வருவது என்ற ராபர்ட்ஸின் கணக்குக்கும் அறிவு பிறப்பால் வருவது என்ற மனுவின் கணக்குக்கும் வேர் ஒன்றுதான். ஒன்றைப் பல்கலைக்கழகத்தில் பொய்யாக்கினோம். இன்னொன்றையும் அதற்குரிய கல்லூரியில் பொய்யாக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

கோரிக்கைகளைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன்.

இராணுவம் அதிகாரிகளின் சாதிவாரிக் கணக்கை வெளியிடுவதில்லை. சாதி பார்ப்பதில்லை என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். சாதிப் பெயரில் படைப்பிரிவு வைத்துக்கொண்டு இதைச் சொல்ல முடியாது. கணக்கு வர வேண்டும். நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கேட்க வேண்டும். தேர்வு வாரியத்தில் தாய்மொழியில் பேச வழி வேண்டும். வரைபடம் படிக்கவும் பாலம் கட்டவும் தமிழில் சிந்திக்கிறவனால் முடியாது என்று எவரும் நிரூபிக்கவில்லை.

மாநில அரசு, ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளில் ஆறாம் வகுப்புக்கு முன்பே சைனிக் பள்ளித் தேர்வுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். பதினைந்து விழுக்காடு இடத்தில் ஆண்டுதோறும் எந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் சேர்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். நலப் பள்ளிகளிலும் அரசுக் கல்லூரிகளிலும் என்.சி.சி. பிரிவு இல்லாத இடங்களில் தொடங்க வேண்டும். கணிதப் பிரிவு இல்லாத மேல்நிலைப் பள்ளியில் படித்துவிட்டு என்.டி.ஏ. கணிதத்தாளை எழுத முடியாது. ஆகவே கணித ஆசிரியர் பணியிடம் காலியாக இருப்பதும் இந்தக் கோரிக்கைக்குள் வரும்.

நம்மால் ஆவதும் இருக்கிறது. ஒவ்வோர் ஊரிலும் ஓய்வுபெற்ற பட்டாளத்துக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களை ஏப்ரல் பதினான்கு ஊர்வலத்தின் முன்வரிசையில் நடக்கவைப்பதோடு நிறுத்தாமல், வாரத்தில் ஒரு மாலை அம்பேத்கர் மன்றத்தில் பிள்ளைகளோடு உட்காரவைப்போம். தேர்வு அறிவிப்பு வரும் மாதங்களை மன்றச் சுவரில் எழுதிவைப்போம். எழுத்தாளத் தோழர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பட்டாளத்துக்காரர் வீட்டுக் கதைகள் நம்மிடம் ஏராளம். அந்தத் தகரப்பெட்டிகளைத் திறந்து எழுதுங்கள். சல்யூட் அடித்தவர்களின் கதையை முழுமையாக எழுதினால்தான், சல்யூட் வாங்கப்போகிறவர்கள் தாங்கள் யாருடைய பிள்ளைகள் என்பதை மறக்காமல் இருப்பார்கள்.

மாணவர்களே, கூட்டம் முடிந்ததும் போய்விடாதீர்கள். நான்கு வாசல்களுக்கும் உரிய வயது, படிப்பு, விண்ணப்பிக்கும் விவரம் எல்லாவற்றையும் ஒரே தாளில் அச்சிட்டு வாசலில் வைத்திருக்கிறோம். உங்களுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். வராத நண்பனுக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று எடுத்துக்கொண்டு போங்கள்.